விளையாட்டுக்குக் கூலி கேட்ட மகளுக்கு

பிள்ளை,

"அம்மா, விளையாடுறதுக்குக் காசு கேக்கிறது பிழையே?" என்று நீ கேட்டாய். பில்லுண்ட் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில், மடியில் பந்துச் சப்பாத்துப் பையை வைத்துக்கொண்டு கேட்டாய். கோடை விடுமுறை முழுவதும் வீட்டில் இருந்தாய். கத்தரிக்காய் பொரிக்கும்போதும் கேட்கவில்லை, துணி மடிக்கும்போதும் கேட்கவில்லை. விமானத்துக்கு நேரமாகும்போதுதான் உனக்கு வாய் திறந்தது. சின்ன வயதிலும் நீ அப்படித்தான். வீட்டுப்பாடம் இருக்கிறது என்பதைப் படுக்கையில் ஏறிய பிறகுதான் சொல்வாய்.

நான் யோசிக்க முன்னமே அப்பா பதில் சொல்லிவிட்டார். "என்ன கதை கதைக்கிறாய்? படிப்புச் சும்மா, சாப்பாடு சும்மா, இருக்க அறையும் சும்மா. சோறு போடுறவனிட்டையே கூலி கேக்கிறதோ? ஒண்டிலயும் கையெழுத்து வையாதை."

"சும்மா இல்லை அப்பா. நான் விளையாடுறன்."

"விளையாடுறாய்தானே! வேலையோ செய்யிறாய்?"

"நீங்கள் ரோட்டைப் பாருங்கோ," என்று அவருக்குச் சொன்னேன். உனக்கு, "நான் யோசிச்சு எழுதுறன் பிள்ளை," என்றேன். "ஓம், நீங்கள் யோசிச்சு முடிக்க நான் கிழவியாகிடுவன்," என்று சிரித்தாய். சிரித்தாலும் உன் முகத்தில் இருந்த பயத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். விஷயத்தையும் அப்போதுதான் முழுமையாகச் சொன்னாய். உன் அறைத்தோழிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது, அடுத்த வருடத்துக்கு அவளுடைய உதவிப்பணம் இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது, அதனால் உங்கள் உதைபந்தாட்ட அணித் தலைவி கல்லூரிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறாள். ஆண்களின் பெரிய ஆட்டமான அமெரிக்க ஃபுட்போலில் வரும் பணத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரு பங்கு வேண்டும், விளையாடிக் காயப்பட்டவர்களைக் குணமாகும்வரை கல்லூரி பார்க்க வேண்டும் என்பது மனு. இந்தப் பருவம் முடிய முன்னம் ஒவ்வொருவரும் கையெழுத்து வைப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும். உன் உதவிப்பணமும் வருடாவருடம் பயிற்சியாளரின் சொல்லில்தான் புதுப்பிக்கப்படுகிறது. போதாததற்கு நீ வெளிநாட்டு மாணவி. பங்கு கிடைத்தாலும் உன் விசா அதை வாங்க விடுமோ தெரியாது. வென்றால் உனக்கு ஒன்றும் இல்லாமல் போகலாம். தோற்றால் எல்லாமே போகலாம். இதைத்தான் மடியில் பையோடு வைத்திருந்தாய்.

இப்போது எழுதுகிறேன். இங்கே டென்மார்க்கில், எஸ்பியர்க்கில் இரண்டு தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இப்படி அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை அவர்களும் வாசிக்கட்டுமே என்று உன்னிடம் கேட்டபோது, "என்ர பேரைப் போடாமல் என்னத்தையும் எழுதுங்கோ" என்றாய். போடவில்லை.

முதலில் யென்ஸின் கதையிலிருந்து தொடங்குகிறேன். உன்னைக் கிரின்ஸ்டெட் மைதானத்தில் முதன்முதலாகப் பந்து உதைக்கப் பழக்கியவர். பகலில் பல் வைத்தியர், செவ்வாயும் வியாழனும் பின்னேரத்தில் உங்களுக்குப் பயிற்சியாளர். மழையோ காற்றோ, விசிலோடு வந்து நிற்பார். எங்களுக்கோ ஒரே அந்தரம். யாழ்ப்பாணத்தில் நான் கணக்குப் படிப்பித்தவள். ஒரு பிள்ளைக்கு ஒருவர் வித்தை பழக்கினால் அவருக்கு உரியதைக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யாரும் இவருக்குச் சம்பளம் கொடுப்பதாகத் தெரியவில்லை, நாங்களும் கேட்டுப் பார்க்கவில்லை. விஜயதசமி வந்தது. அப்பா தமிழ்க் கடையில் வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, காசு வைத்த ஒரு கடித உறை. தட்டத்தில் வைத்து, நான் சேலை உடுத்து, அப்பா கோட் போட்டு, ஈரப் புல்லில் சப்பாத்து புதையப் புதைய நடந்து போனோம். நீ எங்களைக் கண்டுவிட்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாய்.

யென்ஸ் தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அது ஒன்றே எனக்குப் பிடித்தது. பாக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்பா தன் டெனிஷில் அது வாயில் போட்டுச் சப்புவது என்று விளக்கினார். "அப்படியானால் இது எனக்கு நிறைய வேலை தரும்," என்றார் அந்தப் பல் வைத்தியர். வாழைப்பழத்தை அங்கேயே பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடித உறையைத் திறந்து பார்த்ததும் மட்டும் முகம் மாறியது. கோபமில்லை, கூச்சம். உறையைத் திரும்பத் தட்டத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதை வாங்கினால் அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு வந்தவன் ஆகிவிடுவேன். வேலை எனக்குப் பகல் முழுக்க இருக்கிறது." பிறகு, நாங்கள் அவமானப்பட்டுவிடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஓரமாகக் கிடந்த பெரிய பையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அணியின் சேறு பிடித்த சட்டைகள். பெற்றோர் முறை வைத்துக் கழுவுவதாம். இந்தக் கிழமை எங்கள் முறை.

வரும் வழியில் அப்பா புறுபுறுத்துக்கொண்டு வந்தார். "காசைத் தள்ளிப்போட்டு ஊத்தைச் சட்டையைத் தாறான், என்ன மனுசனப்பா!"

ஆனாலும் கழுவினார். வெளியில் மழை என்பதால் குசினிக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டார். நான் அன்றைக்கு அங்கே மீன் குழம்பு வைத்தேன். அடுத்த ஆட்டத்தில் முழு அணியும் எங்கள் வீட்டு மணத்தோடு ஓடியது. உனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் கோல் காக்கும் பிள்ளை சட்டையை மூக்கில் வைத்து, "எனக்குப் பசிக்கிறது," என்றாள். அதற்குப் பிறகு எங்கள் முறை வரும்போதெல்லாம் சட்டையோடு ஒரு பெட்டி ரோல்ஸும் போக வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மைதானத்தில் ஒருவரும் கூலி வாங்கவில்லை. வாசலில் அனுமதிச் சீட்டு இல்லை. கோப்பி விற்றது யாரோ ஒரு தாய். கோடு போட்டது யாரோ ஒரு பேரன். கோப்பிக் காசில் புதுப் பந்து வந்தது. எல்லோரும் தங்கள் நேரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள், பிள்ளைகள் தங்கள் ஓட்டத்தை வைத்தார்கள். அங்கே ஒரு பிள்ளை "எனக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டிருந்தால், தட்டத்தோடு போய் நின்ற எங்களைப் போல அதுவும் இடம் தெரியாமல் நின்றிருக்கும். இன்னொன்றும் கவனி. உனக்குப் பரீட்சை என்றால் யென்ஸ் என்ன சொல்வார்? "வீட்டில் இருந்து படி, வியாழன் வா." அந்த மைதானத்தில் உன்னால் "இன்றைக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடிந்தது. விளையாட்டு என்று நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த மைதானத்தின் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் போன இலையுதிர் காலத்தில் நானும் அப்பாவும் உன் கல்லூரிக்கு வந்தோம். நீ எங்களை ஆண்களின் பெரிய ஆட்டத்துக்குக் கூட்டிப் போனாய். கையால் எறிந்து விளையாடுவதை அவர்கள் ஏன் ஃபுட்போல் என்கிறார்கள் என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றார். எங்கள் கிரின்ஸ்டெட் ஊரையே அதற்குள் கொட்டினாலும் இருக்கைகள் மிஞ்சும். பெருந்தெரு ஓரத்தில் அவர்களுடைய பயிற்சியாளரின் முகம் விளம்பரப் பலகையில் ஒரு வீட்டளவுக்கு நின்றது. எங்களுக்கு இருக்கை காட்டிய அம்மா என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியை. கதைத்துப் பார்த்தேன். மணித்தியாலக் கணக்கில் சம்பளம், கை நிறைய இல்லை, ஆனால் பொழுது போகிறது என்றார். "விளையாடுகிற பிள்ளைகளுக்கு?" என்று கேட்டேன். இப்போது கொஞ்சப் பேருக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்களாம், தனக்கு அது சரியாகப் படவில்லை என்றார். "அவர்களுக்குத்தான் படிப்பு கிடைக்கிறதே," என்றார் அன்பாக. நானும் தலையாட்டினேன். ஆசிரியைக்கு ஆசிரியை, படிப்பை விடப் பெரிய கூலி எது?

அன்றைக்கு இராச் சாப்பாட்டில்தான் நீ சொன்னாய், உடற்கூற்று ஆய்வு வகுப்பை எடுக்க முடியவில்லை என்று. இயன்மருத்துவர் ஆக வேண்டும் என்றுதான் நீ போனாய். அந்த வகுப்பு பின்னேரத்தில், பயிற்சியும் பின்னேரத்தில். பயிற்சியாளர் "அடுத்த வருடம் எடு" என்றாராம். அடுத்த வருடமும் அது பின்னேரம்தான். வேறொரு பாடத்தை எடுத்துவிட்டதாக, கோழித் துண்டைப் பிய்த்தபடி, பெரிய விஷயமில்லை என்பது போலச் சொன்னாய். படிப்புத்தான் கூலி என்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தக் கூலியிலேயே கை வைத்தால் அதற்கு என்ன பெயர்? யென்ஸுக்குக் கூலி இல்லை, அதனால் உன் நேரத்தின் மேல் அவருக்கு அதிகாரமும் இல்லை. இங்கே உன் எழும்பும் நேரம், சாப்பிடும் உணவு, படிக்கும் பாடம், வீட்டுக்கு வரும் விடுமுறை எல்லாவற்றையும் இன்னொருவர் தீர்மானிக்கிறார். வரமாட்டேன் என்றால் எல்லாம் போய்விடும். பிள்ளை, நான் டெனிஷ் பள்ளிக்கூடத்தில் வேலை செய்த காலத்தில்கூட அதிபர் என்னை அவ்வளவு ஆட்டிவைக்கவில்லை.

காசு வந்தால் விளையாட்டின் மேல் உள்ள அன்பு கெட்டுவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் அண்ணன் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அரசாங்கம் மாதாமாதம் அவன் கணக்கில் எஸ்யூ என்ற மாணவர் உதவித்தொகையைப் போட்டது. படிப்பதற்கு அரசாங்கமே காசு தருகிறது என்பதை நம்பாமல், அது பிழையாக வந்த காசு, திருப்பிக் கேட்பார்கள் என்று நான் அவனைத் தொடவே விடவில்லை. பிறகு அவன் தன் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினான், எல்லோருக்கும் வருகிறது என்று. அந்தக் காசு வந்ததால் அவனுக்குப் பௌதிகத்தின் மேல் அன்பு குறைந்ததா? பின்னேரங்களில் கடையில் பெட்டி அடுக்காமல் இருந்து படித்தான், அவ்வளவுதான். காசுக்காக மட்டும் செய்தால் அன்பு கெடலாம். வயிற்றைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பயமில்லாமல் செய்தால் அன்பு ஏன் கெட வேண்டும்?

ஆனால் நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் வருவதில்லை. நாங்கள் வந்த அன்றைக்கு அப்பாவின் சத்தம்தான் மைதானத்திலேயே பெரிது. ஆண்களின் ஆட்டத்தில் வரும் பணத்தில்தான் உங்கள் பேருந்தும் ஓடுகிறது. அந்தப் பையன்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட்டம் அவர்களைப் பார்க்கத்தான் வருகிறது, தலையை மோதிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, "இனிச் சின்ன அணிகளுக்குக் காசில்லை" என்று கல்லூரி உங்கள் அணியை மூடிவிடவும் கூடும். அந்தப் பயம் பொய் இல்லை.

இதற்கு என்னிடம் ஒரு வகுப்பறைக் கதைதான் இருக்கிறது. என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலாவுக்காகக் கேக் விற்றார்கள். விற்றவர்கள், "காசு கொண்டுவந்தது நாங்கள்," என்றார்கள். சுட்டவர்கள், "சுட்டது நாங்கள்," என்றார்கள். தட்டுக் கழுவிய ஒரு பிள்ளை மட்டும் பேசாமல் நின்றது, கையில் சுடுதண்ணீர் பட்ட கொப்புளத்தோடு. நான் பலகையில் பின்னங்கள் போட்டுப் பிரித்துக் காட்டப் போனேன். ஒரு பொடியன் எழும்பி, "காசை எப்படியும் பிரியுங்கள், ஆனால் பஸ்ஸில் எல்லோரும் ஏற வேண்டும்," என்றான். எனக்குச் சோக்கைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் மனுவிலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பங்கு எவ்வளவு என்பது பின்னக் கணக்கு. அதில் கூடக்குறைய வரலாம், உனக்கு ஒன்றுமே வராமலும் போகலாம். காயப்பட்டவளை இறக்கிவிட்டு பஸ்ஸை எடுக்கலாமா என்பது கணக்கே இல்லை. உன் அறைத்தோழியின் முழங்கால் வீட்டில் வழுக்கி விழுந்து அறுந்ததா? அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடும்போது அறுந்தது.

ஆகவே என் பதில் இது. விளையாடுவதற்குக் காசு கேட்பது பிழை இல்லை. எல்லோரும் சும்மா நிற்கும் இடத்தில் ஒருவர் மட்டும் கை நீட்டினால்தான் அது அழகில்லை. எல்லோரும் வாங்கும் இடத்தில் ஓடுகிறவளை மட்டும் அன்புக்காக ஓடச் சொல்வதும் அதேயளவு அழகில்லை. கையெழுத்து வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் வைக்க முன்னம் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய் உன் விசா எதற்கு இடம் தரும், எதற்குத் தராது என்று தெளிவாகக் கேள். தெரியாமல் துணிவதை நான் துணிவு என்று சொல்லமாட்டேன். உதவிப்பணம் போனால் என்ன செய்வது என்றும் நினைப்பாய். வா. உன் அறை அப்படியே இருக்கிறது. அப்பாவின் உடற்பயிற்சிச் சைக்கிளை மட்டும் வெளியே எடுக்க வேண்டும், அதில் துணிதான் காய்கிறது. இங்கேயும் இயன்மருத்துவம் படிக்கலாம், எஸ்யூவும் வரும், செவ்வாய்க்கிழமைகளில் யென்ஸுக்கு ஒரு உதவியாளர் தேவை என்று போன கிழமைதான் கடையில் சொன்னார்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கையெழுத்து வையாதே என்றது கல்லூரிக்காக இல்லை. எதையாவது கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் நாங்கள் இந்த நாட்டில் இறங்கினோம். அவர் தொழிற்சாலையில் சேர்ந்த காலத்தில், கூட வேலை செய்தவர்கள் அவரைத் தொழிற்சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். சங்கத்தில் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று மனுசன் அந்த உறுப்பினர் அட்டையைச் சாப்பாட்டுப் பெட்டியின் அடியில், புட்டுக்குக் கீழே, பொலித்தீன் சுற்றி ஒளித்துவைத்திருந்தார். ஒருநாள் மதிய இடைவேளையில் அது அவர்களை மேற்பார்க்கும் போர்மனின் காலடியில் விழுந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். போர்மன் அதை எடுத்து, ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் துடைத்து, தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய சங்க அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எது புதிதாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தாராம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, "இஞ்ச ஆள மேய்க்கிறவனும் சங்கத்திலதான் இருக்கிறானப்பா!" என்று அப்பா சொன்ன முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கா டென்மார்க் இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே உன் பயிற்சியாளர் தன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைக்கமாட்டார். அதனால்தான் விசாவைக் கேள் என்கிறேன், அதனால்தான் வீடு இருக்கிறது என்கிறேன்.

இதுவரை எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். புட்டுக் கதையை எழுத வேண்டாம் என்று முதலில் சண்டை பிடித்தார். பிறகு கொஞ்ச நேரம் சைக்கிளில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டு, "பிள்ளையிட்டச் சொல்லு," என்றார், "அட்டையை ஒளிக்க வேண்டாமெண்டு."

நான் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்காதே. ஆசிரியை சொன்னாள் என்பதற்காக ஒரு விடையை எழுதுகிற பிள்ளையாக உன்னை வளர்க்கவில்லை. அடுத்த பெரிய ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போ. விளையாட்டு உடுப்பில்லாமல், சாதாரண உடுப்போடு, மைதானத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி நட. வாசலில் நிற்பவர், இருக்கை காட்டும் அந்த அம்மா, தொப்பி விற்பவர், கமராவைத் தூக்குபவர், குப்பைக் கூடையை மாற்றுபவர், எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் புன்னகையோடு ஒரே ஒரு கேள்வியைக் கேள்: "இன்றைக்கு நீங்கள் இங்கே சம்பளத்துக்கு வந்தீர்களா, சும்மா வந்தீர்களா?"